கட்டிலும் தொட்டிலும் சேரும் இடம்: பச்சிளங்குழந்தைக்குப் பக்கத் தொட்டில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பிறந்த குழந்தை இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்து போய்த் தூக்கிவர, தையல் ஆறாத வயிற்றோடு இருக்கும் தாய்க்கு முடியாது. குழந்தையைத் தன் மெத்தையிலேயே கிடத்திக்கொண்டால் தூக்கக் கலக்கத்தில் என்ன ஆகுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த பொருள்தான் பக்கத் தொட்டில். பெரியவர்களின் கட்டிலோடு ஒட்டி நிற்கும் சிறு தொட்டில். மூன்று பக்கம் உயரமான சுவர், கட்டில் பக்கத்துச் சுவரை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். கையை நீட்டினால் குழந்தை. ஆனால் அது படுத்திருப்பது தனக்கென்று உள்ள தனி மெத்தையில்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022இல் புதுப்பித்த பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையில், அவர்கள் கட்டிலுக்கு அருகில் தூங்கட்டும்; ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்க, கெட்டியான, சமதளமான பரப்பில் தூங்கட்டும்.

கடையில் இதைப் பார்ப்பவர்கள் துணியின் நிறம், சக்கரம், எடை, மடித்தால் பைக்குள் அடங்குமா என்று பார்க்கிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் பக்கத் தொட்டில் தனியாக நிற்கும்போது பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கும். அதை உங்கள் கட்டிலோடு சேர்க்கும்போதுதான் ஆபத்துக்கு வழி பிறக்கிறது. அதனால் தேர்வைத் தொட்டிலில் தொடங்கக் கூடாது, கட்டிலில் தொடங்க வேண்டும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் படுக்கையறைக்குப் போங்கள்.

முதலில் உங்கள் கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய மெத்தைகளில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு ஒருவரை மெத்தையின் ஓரத்தில் படுக்கச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள். ஓரம் நன்றாக அமுங்கிச் சரியும் மெத்தை என்றால், நீங்கள் திரும்பிப் படுக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டிலுக்கும் மெத்தைக்கும் இடையே இடைவெளி விரிந்து சுருங்கும். அப்படிப்பட்ட மெத்தையோடு எந்தத் தொட்டிலும் ஒழுங்காகச் சேராது.

அடுத்து கட்டிலின் சட்டம். பல மரக் கட்டில்களில் சட்டம் மெத்தையைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு 5 செ.மீ. நீண்டிருந்தால், தொட்டில் சட்டத்தில் முட்டி நின்றுவிடும். மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் அதே 5 செ.மீ. பள்ளம் விழும். சில தொட்டில்களின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்துதான் நிற்க முடியும். அடியில் இழுப்பறை உள்ள கட்டில், தரை வரை பலகை அடைத்த கட்டில் ஆகியவற்றில் அந்தக் கால்களுக்கு இடமே இருக்காது. கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் வகை வேண்டும். இணைக்கும் பட்டையைச் சுற்றிக் கட்ட ஏதாவது சட்டமோ குறுக்குக் கட்டையோ இருக்கிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

இந்த அளவுகள் கையில் இருந்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறக்கிய பக்கத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து எந்தெந்த உயரங்களில் நிற்கும்?

இறக்கிய பக்கம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்

ஆரம்பத்தில் வந்த சில பக்கத் தொட்டில்களில் கட்டில் பக்கம் முழுவதுமாகத் திறந்திருக்கும். இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் சேர்ந்துவிடும். பார்க்க அழகு. ஆனால் குழந்தை உருண்டால் நேராகப் பெரிய கட்டிலுக்கு வந்துவிடும். பெரியவர்களின் போர்வையும் தலையணையும் தடையில்லாமல் தொட்டிலுக்குள் போய்விடும். அதனால்தான் இன்றைய தர விதிகள் கட்டில் பக்கத்திலும் ஒரு தடுப்பு வேண்டும் என்கின்றன. அமெரிக்க விதிப்படி குழந்தையின் மெத்தைக்கு மேலே குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ. ஐரோப்பிய தரமான ஈஎன் 1130இன் 2019 பதிப்பு 12 செ.மீ. கேட்கிறது. பெட்டியின் மேல் இந்தத் தரத்தின் எண்ணும் ஆண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு முக்கியம், ஏனென்றால் முந்தைய பதிப்பில் தேறிய பழைய சரக்கு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடுப்பின் மேல் விளிம்பு பெரியவர்களின் மெத்தையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மெத்தையைவிட விளிம்பு உயர்ந்து நிற்கவே கூடாது. தடுப்பு உயரமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தாயின் பக்கத்திலிருந்து உருளும் குழந்தையின் கழுத்து உயர்ந்து நிற்கும் அந்த விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே குழந்தையின் மெத்தை உங்கள் மெத்தையைவிட ஏறக்குறைய ஒரு கையகலம் தாழ்ந்து கிடப்பதுதான் சரியான அமைப்பு.

கணக்கு எளிது. உங்கள் மெத்தை 58 செ.மீ. உயரம், தொட்டிலின் விளிம்பு 48, 53, 58, 63 என்று படிப்படியாக நிற்கும் என்றால் 58 பொருந்துகிறது. 50, 55, 60 என்று மட்டும் நின்றால் 60 கூடாது; 55இல் எவ்வளவு வித்தியாசம் வரை அனுமதி என்று கையேட்டில் இருக்கும். அனுமதி இல்லையென்றால் அந்தத் தொட்டில் உங்கள் கட்டிலுக்கு ஆகாது. எவ்வளவு நல்ல தொட்டிலாக இருந்தாலும் ஆகாது. கட்டிலின் காலுக்கடியிலோ தொட்டிலின் காலுக்கடியிலோ கட்டையோ புத்தகமோ வைத்து உயரத்தைச் சரிக்கட்டும் யோசனை வேண்டாம். இரவில் ஒரு காலடி தட்டினால் போதும், எல்லாம் நகர்ந்துவிடும்.

13 மில்லிமீட்டர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலுக்கும் பெரிய மெத்தைக்கும் இடையிலுள்ள இடைவெளி அரை அங்குலத்தை, அதாவது 13 மி.மீ.யைத் தாண்டினால் அந்தத் தொட்டிலை இணைத்துப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க எச்சரிக்கை. வளர்ந்தவரின் சுண்டு விரல் ஏறக்குறைய இந்தத் தடிமன்தான். சுண்டு விரல் தாராளமாக உள்ளே போகிறதென்றால் இடைவெளி அதிகம்.

ஒரு விரல் இடைவெளியில் குழந்தை எப்படி விழும்? அந்த அளவில் விழாது. ஆனால் பட்டை தளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. பெரியவர்களின் மெத்தை ஓரம் மென்மையானது. குழந்தையின் எடை ஓரத்தில் சாயும்போது பிளவு அகலும். அதில் முகம் புதைந்தால் மூக்கும் வாயும் இரு பக்கமும் அடைபடும். பச்சிளங்குழந்தையால் தலையை எடுத்துத் திருப்பிக்கொள்ள முடியாது.

இடைவெளியைச் சோதிக்க ஒரு முறை உண்டு. பட்டையைக் கட்டி முடித்ததும் தொட்டிலின் வெளிப்பக்கம் தரையில் மண்டியிடுங்கள். கீழ்ச் சட்டத்தை இரு கையாலும் பிடித்து உங்கள் உடல் எடையைக் கொடுத்து வெளிப்பக்கம் இழுங்கள். இழுத்த நிலையிலேயே இன்னொருவர் தலைமாடு, நடு, கால்மாடு என்று மூன்று இடத்தில் சுண்டு விரலை விட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் நடுவில் சரியாக இருக்கும், ஒரு கோடியில் திறக்கும். ஒரு பட்டை மட்டும் தளர்ந்திருப்பதன் அடையாளம் அது. பட்டைகள் மெத்தைக்கு அடியில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, கட்டிலின் எதிர்ப்பக்கச் சட்டத்தில் மாட்டியிருக்க வேண்டும். மெத்தையை மட்டும் சுற்றிக் கட்டினால் மெத்தையும் தொட்டிலும் சேர்ந்தே நகரும். சக்கரத்தின் பூட்டைப் போட்டுவிட்டோம் என்று பட்டையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சக்கரப் பூட்டு இணைப்புக்கு மாற்றாகாது. வழவழப்பான தரையில் பூட்டிய சக்கரமும் வழுக்கும்.

இடைவெளியில் போர்வையைச் சுருட்டித் திணிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. மிருதுவான அடைப்பு இரவில் நழுவும், நழுவினால் குழந்தையின் முகத்தருகே வரும். ஒரு ஆபத்தை அடைக்கப் போய் இரண்டாவதைக் கொண்டுவருகிறோம். இடைவெளியைச் சரிசெய்ய முடியவில்லையென்றால் பக்கத்தை மேலே ஏற்றிப் பூட்டி, தொட்டிலைக் கட்டிலிலிருந்து 30 செ.மீ. அளவு தள்ளித் தனியாக நிறுத்துங்கள். அப்போதும் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஒட்டியும் ஒட்டாமலும் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சுவர், கம்பி, வலை

மரக் கம்பிகள் வைத்த தொட்டிலில் இரண்டு கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தையின் தலை அதைவிட எவ்வளவோ பெரிது, பிறகு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்கலாம். குழந்தை தலை முதலில் நுழைவதில்லை. கால் முதலில் நுழைகிறது. இடுப்பும் மார்பும் அமுங்கி வழுக்கி வெளியே வந்துவிடும், தலை மட்டும் வராது. உடல் வெளியே தொங்க, தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த 6 செ.மீ. இடுப்பை வெளியே விடாமலிருப்பதற்கான அளவு.

துணிச் சுவர் வைத்தவற்றில் இதே ஆபத்து மறைந்து கிடக்கும். 2008 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், கட்டிலோடு சேர்க்கக்கூடிய ஒரு வகைத் தொட்டிலைப் பற்றி எச்சரித்தது. சுமார் 9 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் உலோகக் கம்பிகளுக்கு இடையே அனுமதித்த அளவைவிடப் பெரிய இடைவெளி இருந்தது. அதை ஒரு துணி மூடியிருந்தது. கட்டில் பக்கத்தைத் திறக்க அந்தத் துணியை மடித்து இறக்குவார்கள். திரும்ப ஏற்றும்போது ஒட்டுப்பட்டை சரியாக ஒட்டாவிட்டால் துணி இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் தாங்காது. கம்பிகளுக்கு இடையே நழுவிக் கழுத்து இறுகி இரண்டு குழந்தைகள் இறந்தன. பக்கத் தொட்டிலுக்கென்றே தனி விதி அமெரிக்காவில் 2014இல் வந்தது.

எனவே கடையில் நிற்கும்போது துணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துணி இல்லாத வெறும் எலும்புக்கூட்டைப் பாருங்கள். ஜிப்பையோ ஒட்டுப்பட்டையையோ வேண்டுமென்றே பாதியில் விட்டுவிட்டு, தொட்டில் அப்போதும் நிற்கிறதா, நிற்கிறதுபோல் ஏமாற்றுகிறதா என்று கவனியுங்கள். நல்ல வடிவமைப்பில் பாதி பூட்டிய பக்கம் தானாகவே தொய்ந்து விழும், அல்லது பூட்டு விழவில்லை என்று நிறம் காட்டும். நல்ல தாழ்ப்பாள் இரண்டு வேறு அசைவு கேட்கும்: அழுத்தி, பிறகு இழுக்க வேண்டும். ஒற்றை அசைவில் திறப்பதை மூத்த குழந்தை ஒன்று விளையாட்டாகத் திறந்துவிடும்.

வலைத் துணியின் கண்கள் 6 மி.மீ.க்குள் இருக்கட்டும், அதைவிடப் பெரிதானால் விரலும் பொத்தானும் சிக்கும். கிழிந்த வலையைத் தைத்துப் பயன்படுத்த வேண்டாம். ஏற்றிய பக்கம் மெத்தைக்கு மேலே குறைந்தது 19 செ.மீ. நிற்க வேண்டும்.

மெத்தை கெட்டியாக இருப்பது ஏன் நல்லது

தொட்டிலோடு வரும் மெத்தையைத் தொட்டுப் பார்த்ததும் பெரியவர்களுக்கு மனம் கேட்காது. இவ்வளவு மெல்லிதாக, பலகைபோல இருக்கிறதே, பிள்ளைக்கு உடம்பு நோகாதா? நோகாது. குழந்தையின் உடலில் தலைதான் நீளத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு. கழுத்தில் வலு இல்லை. மென்மையான மெத்தையில் அந்தத் தலை குழி பறித்து அமரும். முகம் ஒரு பக்கம் திரும்பினால் குழியின் சுவர் மூக்கருகே எழும்பி நிற்கும். விட்ட மூச்சுக் காற்றே திரும்ப உள்ளே போகும்.

ஆஸ்திரேலியாவில் பரவிய ஒரு வீட்டுச் சோதனை உண்டு, செலவே இல்லாதது. 12 சிடிக்களை ஒன்றன்மேல் ஒன்றாக, மெத்தையில் தலை வரும் இடத்தில் வையுங்கள். அடுக்கு சுமார் ஒன்றரை செ.மீ. உயரம் வரும். அதன்மேல் ஒரு லிட்டர் பால் அல்லது பழச்சாறு நிரம்பிய, திறக்காத அட்டைப்பெட்டிகள் இரண்டைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பெட்டியின் ஒரு முனை சிடிக்கு வெளியே 4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய முனை மெத்தையைத் தொட்டுவிட்டால் மெத்தை அளவுக்கு மீறி மென்மை. லேசாகத் தொட்டாலும் தேறவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் 20.3 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 5.2 கிலோ ஏற்றிச் செய்வதும் இதையே. சிறிய சிடியில் 2 கிலோ ஏற்றும்போது சதுர செ.மீ.க்கு விழும் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடும்.

மேலே இன்னொரு மெத்தையோ, மடித்த போர்வையோ போடுவது இரண்டு வகையில் கெடுக்கும். மென்மை கூடுவது ஒன்று. தடுப்புச் சுவர் அந்த அளவுக்குக் குட்டையாவது இன்னொன்று, 12 செ.மீ. தடுப்பில் 4 செ.மீ. மெத்தையைக் கூடுதலாகப் போட்டால் மிஞ்சுவது 8. துணிச் சுவர்த் தொட்டில்களில் தடித்த மெத்தை சுவரை வெளியே தள்ளி ஓரத்தில் ஒரு பையை உண்டாக்கும். அதனால்தான் அவற்றுக்கு மெத்தைத் தடிமன் ஒன்றரை அங்குலத்துக்குள், அதாவது 3.8 செ.மீ.க்குள் என்று அமெரிக்க விதி கட்டுப்படுத்துகிறது. மெத்தை பழுதானால் அதே தயாரிப்பாளரிடம் அதே அளவில் வாங்குங்கள்.

மடித்துப் பையில் வைக்கும் வகையில் மெத்தைக்குள் மூன்று நான்கு பலகைகள் மடிப்போடு இருக்கும். விரித்தபின் உள்ளங்கையை மடிப்பின்மேல் ஓட்டிப் பாருங்கள். பள்ளமாகவோ மேடாகவோ தட்டுப்பட்டால் அடியில் தாங்கும் கம்பி சரியாக உட்காரவில்லை. நடுவில் ஒடிந்த மெத்தையில் குழந்தை பள்ளத்துக்கு உருண்டு, முகம் எதிர்ச் சரிவில் முட்டும்.

சாய்க்கும் வசதி

பல பக்கத் தொட்டில்களில் இரண்டு முனைக் கால்களையும் தனித்தனியாக உயர்த்தலாம். பால் கக்கும் குழந்தைக்குத் தலைப்பக்கம் உயர்த்துங்கள் என்று விற்கிறார்கள். இந்த வசதிக்காக ஒரு தொட்டிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைப்பக்கம் உயரும்போது குழந்தை மெல்லக் கீழே வழுக்கும், தாடை மார்பில் படியும், வளைந்த குழாய்போல மூச்சுப்பாதை குறுகும். சாய்வான படுக்கையில் குழந்தை குப்புற உருள்வது எளிது. உருண்டபின் முகத்தைத் தூக்கி மூச்சுவிட அதிக உழைப்பு வேண்டும், சீக்கிரம் களைத்துவிடும். 2019இல் அமெரிக்க ஆணையத்துக்காக நடந்த ஆய்வு காட்டியது இதைத்தான். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரே வகைச் சாய்வுப் படுக்கைகள் 47 லட்சம் அங்கே திரும்பப் பெறப்பட்டன. 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளைத் தடை செய்யும் சட்டம் 2022 மே மாதம் கையெழுத்தானது. அதே சட்டம் தொட்டிலின் உட்சுவரைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டையும் தடை செய்தது.

80 செ.மீ. நீளத் தொட்டிலில் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தினால் சாய்வு மூன்றரை டிகிரி, 14 செ.மீ. உயர்த்தினால் 10 டிகிரி. தடை தொடங்குவது 10இல் என்றாலும் குழந்தை மருத்துவர்கள் சொல்வது சமதளம். பால் கக்கும் குழந்தைக்கும் அதேதான். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கிய பால் மூச்சுப்பாதைக்குள் இறங்குவது கடினம்.

வேண்டுமென்று சாய்க்காதவர்கள் வீட்டிலும் சாய்வு வந்துவிடுகிறது. ஒரு பக்கக் கால் 4ஆம் துளையிலும் மறுபக்கம் 5ஆம் துளையிலும் பூட்டியிருக்கும். பக்கவாட்டில் 3 செ.மீ. ஏறி நின்றாலும் காலைக்குள் குழந்தை வலைச் சுவரில் முகம் பதித்துக் கிடக்கும். இரு காலிலும் துளையை எண்ணிப் பாருங்கள், கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை மெத்தை நடுவில் வையுங்கள்.

கைமாறி வரும் தொட்டில்

உறவினர் வீட்டிலிருந்து வரும் தொட்டிலை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். தயாரிப்பு ஆண்டும் மாதிரி எண்ணும் அச்சிட்ட சீட்டு இருக்கிறதா? அதை வைத்துத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் வந்ததா என்று தேடலாம். சீட்டே இல்லாதது வேண்டாம். இணைப்புப் பட்டைகள்தான் முதலில் தொலைகிற பாகம். பயணப்பெட்டிப் பட்டையோ கயிறோ அதற்கு ஈடாகாது. திருகு ஒன்று குறைந்து வேறொன்று போட்டிருந்தால், நீளம் ஒத்திருந்தாலும் மரை ஒத்திராது; சில வாரத்தில் தளரும். பெரிய தொட்டில் ஏதும் கூடவே வந்தால், கீழே சரிந்து இறங்கும் பக்கம் உடைய பழைய வகையா என்று பாருங்கள். அமெரிக்காவில் அவற்றின் விற்பனை 2011 ஜூன் முதல் தடை. புதிதோ பழையதோ, திருகு, தாழ்ப்பாள், பட்டை மூன்றையும் வாரம் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். விரிப்பு மாற்றும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

தொட்டிலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பும் குழந்தையும் தவிர ஒன்றும் வேண்டாம். தலையணை, பக்கத்தில் அணைக்கும் சுருள், பொம்மை, கூடு போன்ற மெத்தை, எடை சேர்த்த போர்வை எதுவும் வேண்டாம். உங்கள் போர்வையின் ஓரம் தொட்டிலுக்குள் போகாதபடி மடக்கிவிடுங்கள். திரைச்சீலைக் கயிறும் கண்காணிப்புக் கேமராவின் வயரும் தொட்டிலிலிருந்து 90 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதைத் தேதியை வைத்து முடிவுசெய்ய முடியாது. கையேட்டில் உள்ள எடை வரம்பு ஒன்று. குழந்தை கைகளையும் முழங்காலையும் ஊன்றி உடலைத் தூக்கத் தொடங்குவது இன்னொன்று. எது முதலில் வருகிறதோ அன்றே பக்கத் தொட்டிலின் காலம் முடிந்தது. பல குழந்தைகளுக்கு இது 5 மாதத்தை ஒட்டி வரும், சிலருக்கு முன்பே. 10, 12 செ.மீ. தடுப்பு படுத்திருக்கும் குழந்தைக்கானது; ஊன்றி எழும் குழந்தைக்கு அது வெறும் படி. அடுத்த பெரிய தொட்டிலை நான்காம் மாதத்திலேயே பொருத்தி, அதே அறையில் தயாராக நிறுத்தி வைத்துவிடுங்கள்.